பெயர், பிழை, பொறுப்பாளர்: யூனிக்ஸ் கையேட்டின் அரை நூற்றாண்டு

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், மர்ரே ஹில் என்னும் ஊரில் இருந்த பெல் ஆய்வகத்திலிருந்து 1971 நவம்பர் 3 என்று நாளிட்ட ஒரு கையேடு வெளிவந்தது. ‘யூனிக்ஸ் புரோகிராமர்ஸ் மேனுவல்’ என்பது அதன் பெயர். கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகிய இருவரின் பெயர்கள் அதன் முகப்பில் இருந்தன. ஏறத்தாழ 60 கட்டளைகளை அது அகர வரிசையில் விளக்கியது. இன்று லினக்ஸ் கணினியிலோ மேக் கணினியிலோ முனையத்தைத் திறந்து, ‘மேன்’ என்று தட்டெழுதி, பக்கத்தில் ஒரு கட்டளையின் பெயரையும் எழுதினால் திரையில் விரிகிற பக்கம் அந்தக் கையேட்டின் நேர் வாரிசு. கணினிகள் எத்தனையோ தலைமுறை மாறிவிட்டன. அந்தப் பக்கத்தின் தலைப்புகளும் அவற்றின் வரிசையும் பெரிதும் மாறவில்லை. ஒரு தொழில்நுட்ப ஆவணத்தின் வடிவம் இவ்வளவு காலம் நிலைத்திருப்பது அரிது. அவ்வடிவம் எதைக் காப்பாற்றியது, வழியில் எதை இழந்தது என்பதைப் பார்ப்பது பயனுள்ளது.

முதலில், இத்தகைய கையேடு ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். ஷெல் என்பது பயனர் எழுத்தால் இடும் கட்டளையை வாங்கி, உரிய நிரலை இயக்கும் இடைமுகம். பொத்தான்களும் பட்டியல்களும் கொண்ட திரை தன்னிடம் என்னென்ன உண்டு என்பதைத் தானே காட்டிவிடும். கட்டளை வரி அப்படிக் காட்டாது. அங்கே ஒரு சிறு குறி மட்டும் காத்திருக்கும். எந்தக் கட்டளைகள் உள்ளன, அவற்றை எப்படி எழுத வேண்டும் என்பது பயனரின் நினைவில் இருக்க வேண்டும். இல்லையேல் ஏட்டில் இருக்க வேண்டும். ஆகவே கட்டளை உலகில் கையேடு என்பது கருவியோடு இலவசமாக வந்த விளக்கத் தாள் அன்று; கருவியின் கைப்பிடியே அதுதான்.

யூனிக்ஸ் பிறந்த சூழலும் எழுத்துவேலையோடு நெருங்கிய தொடர்புடையது. எம்ஐடி முதலிய நிறுவனங்களோடு இணைந்து நடத்திவந்த மல்டிக்ஸ் என்னும் பெருந்திட்டத்திலிருந்து பெல் ஆய்வகம் 1969இல் விலகியது. அதன்பின் தாம்சனும் ரிட்சியும் பயன்படாமல் கிடந்த ஒரு பிடிபி-7 கணினியில் சிறியதோர் இயக்கு அமைப்பை உருவாக்கினர். அதைவிடத் திறன் வாய்ந்த பிடிபி-11 கணினியை வாங்குவதற்கு நிருவாகத்திடம் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. ஆவணங்களைத் தயாரிக்கும் வசதி என்பதே அவர்கள் சொன்ன காரணம். ஆய்வகத்தின் காப்புரிமைத் துறை அதன் முதல் வாடிக்கையாளராயிற்று. தட்டச்சர்கள் காப்புரிமை விண்ணப்பங்களை யூனிக்ஸில் தயாரித்தனர். எம்ஐடியில் ஜெரோம் சால்ட்சர் 1964இல் எழுதிய ‘ரனாஃப்’ என்னும் உரை வடிவமைப்பு நிரலின் வழியில் வந்த ‘ராஃப்’ அவர்களுக்குக் கைகொடுத்தது. அதே ராஃப்தான் கையேட்டையும் அச்சுக்கு ஏற்ப அடுக்கித் தந்தது. கையேட்டில் விளக்கப்பட்ட நிரல்களுள் சில, அந்தக் கையேட்டைத் தயாரிப்பதற்காகவே எழுதப்பட்டவை என்று அதன் முன்னுரை ஒப்புக்கொள்கிறது. கருவியும் கருவியைப் பற்றிய எழுத்தும் ஒன்றையொன்று வளர்த்த காலம் அது.

கையேட்டை எழுதியே ஆக வேண்டும் என்று வற்புறுத்தியவர் அத்துறையின் தலைவராக இருந்த டக்ளஸ் மக்கில்ராய். நிரல் எழுதுவோர் பெரும்பாலும் விளக்கம் எழுத விரும்புவதில்லை என்பது அன்றும் அறிந்த செய்தியே. ஆயினும் முதல் கையேட்டைக் கூர்ந்து நோக்கினால், வேண்டாவெறுப்பாகச் செய்த வேலையின் சாயல் அதில் இல்லை. மாறாக, எதை எங்கே வைப்பது என்ற கேள்வியை ஆழமாகச் சிந்தித்தவர்களின் கைவண்ணம் தெரிகிறது.

கையேடு 7 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. பயனர் இடும் கட்டளைகள் முதல் பகுதி. நிரல்கள் இயக்கு அமைப்பின் கருவிடம் வைக்கும் அழைப்புகள் இரண்டாம் பகுதி. துணைநிரல்கள் மூன்றாவது, கருவிகளைக் குறிக்கும் சிறப்புக் கோப்புகள் நான்காவது, கோப்புகளின் உள்ளமைப்பு ஐந்தாவது. பயனர்களே பேணிவந்த நிரல்கள் ஆறாவது பகுதியிலும், வேறெங்கும் அடங்காதவை ஏழாவது பகுதியிலும் இடம்பெற்றன. ஒரே பெயர் இரு பகுதிகளில் வரக்கூடும். கோப்பின் அனுமதிகளை மாற்றும் ‘சிஎச்மாட்’ ஒரு கட்டளையாகவும் உண்டு, ஓர் அழைப்பாகவும் உண்டு. ஆகவே பெயரை அடுத்துப் பிறை அடைப்புக்குள் பகுதி எண்ணைக் குறிக்கும் வழக்கம் தோன்றியது. இன்றும் நிரலாளர்கள் ஒரு கட்டளையின் பெயரோடு அடைப்புக்குள் ஒன்று, இரண்டு என்று எழுதுவது இந்தப் பகுப்பின் எச்சமே. அகராதியில் ஒருபொருட் சொல்லுக்கும் பல்பொருட் சொல்லுக்கும் எண்ணிட்டுப் பிரிப்பது போன்ற ஏற்பாடு இது.

ஒவ்வொரு பதிவும் தனித்து நின்றது. மேல் மூலையில் அதன் பெயரும் அது எழுதப்பட்ட நாளும் இருந்தன. கையேடு முழுமைக்குமான தொடர் பக்க எண் இல்லை. அடிக்கடி திருத்த வேண்டியிருக்கும் என்பதால் பக்க எண்ணைத் தவிர்ப்பதே நல்லதென்று கருதியதாக முன்னுரை கூறுகிறது. ஒரு கட்டளை மாறினால் அதற்குரிய தாளை மட்டும் உருவிவிட்டுப் புதிய தாளைச் செருகலாம். நூல் என்றால் கட்டி முடித்த ஒன்று என்ற எண்ணத்தைக் கைவிட்டு, மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றுக்கு ஏற்ற ஏட்டை அவர்கள் கண்டடைந்தனர்.

பதிவுக்குள் தலைப்புகளின் வரிசை எல்லாவற்றுக்கும் ஒன்றே. முதலில் பெயரும் ஒருவரி விளக்கமும். அடுத்து, கட்டளையை எழுதும் முறையின் சுருக்கம். பிறகு விளக்கம், தொடர்புடைய கோப்புகள், மேலும் காண்க, கட்டளை தரக்கூடிய பிழைச் செய்திகள், அறியப்பட்ட பிழைகள், இறுதியாக உடையவர். இவற்றுள் இரண்டாவதான எழுதுமுறைச் சுருக்கம் மொழியியலில் ஈடுபாடு உள்ளோர் நின்று பார்க்க வேண்டிய ஒன்று. அப்படியே எழுத வேண்டிய சொல்லுக்கு அடிக்கோடு. இருந்தாலும் இல்லாவிட்டாலும் குற்றமில்லை என்பதற்குச் சதுர அடைப்பு. திரும்பத் திரும்ப வரலாம் என்பதற்கு மூன்று புள்ளிகள். இந்த மூன்று குறிகளால் ஒரு கட்டளையின் தொடரியல் முழுவதையும் ஒரே வரியில் சொல்லிவிட முடிந்தது. இலக்கண நூற்பா போன்ற செறிவு அது. நூற்பாவைப் போலவே, குறிகளின் பொருளை முன்பே அறிந்தவருக்கே அது பேசும்.

இறுதி இரு தலைப்புகளே இவ்வடிவத்தின் உயிர்நாடி. ‘பிழைகள்’ என்ற தலைப்பின்கீழ், தாங்கள் எழுதிய நிரலில் தாங்களே அறிந்த குறைகளை அதே பக்கத்தில் எழுதினர். சில இடங்களில் எப்படித் திருத்தலாம் என்பதையும் குறித்தனர். கோப்புகளை நீக்கும் ‘டிஎஸ்டபிள்யூ’ என்ற பழைய கட்டளையைப் பற்றிய பதிவில், அந்தப் பெயரே ஒரு பிழை என்று பட்டியலிடப்பட்டது. அதன் சொற்பிறப்பு சுவையானதே என்றாலும் பெயர் பொருத்தமற்றது என்று எழுதியவர்கள் தங்களையே கேலி செய்துகொண்டனர். விற்பனைக்கு வரும் எந்தப் பொருளின் கையேட்டிலும் காண முடியாத நேர்மை இது. வாங்குவோரை ஈர்க்கும் கட்டாயம் இல்லாத, ஒரே மாடியில் அமர்ந்து வேலை செய்த சிலர் தமக்குள் எழுதிக்கொண்ட ஏடு என்பதால் அது இயன்றது.

‘உடையவர்’ என்ற தலைப்பில் அந்தப் பதிவுக்குப் பொறுப்பானவரின் பெயர் சுருக்கமாகக் குறிக்கப்பட்டது. அது அவருடைய கணினிப் பயனர் பெயரும் ஆகையால் உடனே அவருக்கு அஞ்சல் அனுப்பலாம். உடையவர் என்பதற்கு முன்னுரை தரும் வரையறை கவனிக்கத்தக்கது: யார் கடைசியாக அதில் கைவைத்தாரோ அவரே உடையவர், முதலில் ஆக்கியவராக அவர் இருக்க வேண்டியதில்லை. ஆசிரியர் என்ற பெருமையைவிட, தொட்டவர் பதில் சொல்ல வேண்டும் என்ற கடமை அங்கே முன்னிறுத்தப்பட்டது. ஒரு பெயருக்கு ஒரு பக்கம், ஒரு பக்கத்துக்கு ஒரு பொறுப்பாளர், அவர் வாயாலேயே குறைகளின் பட்டியல். முதல் கையேட்டின் ஒழுங்கு என்று சொல்லத்தக்கது இதுதான்.

இந்த ஒழுங்கு எழுத்தோடு நிற்கவில்லை. எழுதப்பட்ட பொருளையும் திருத்தியது. 1980களின் இறுதியில் வரலாற்றாய்வாளர் மைக்கேல் மஹோனிக்கு அளித்த நேர்காணலில் மக்கில்ராய் இதை நினைவுகூர்ந்தார். கையேட்டின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் ஆய்வகத்தில் பரபரப்பு எழும். அவலட்சணமான ஒன்றை எழுத்தில் வைக்கும்போது, இதை அச்சில் ஏற்ற முடியாது என்று தோன்றும். விளக்குவதற்கு எளிதாக இருக்கும்படி நிரலையே மாற்றிவிடுவார்கள் என்பது அவர் கூற்றின் சாரம். விளக்கம் எழுதுவது கடினமாக இருந்தால், குறை எழுத்தில் இல்லை, பொருளில் இருக்கிறது என்பதை அவர்கள் கண்டுகொண்டனர். நிரலை எழுதிய கையே பக்கத்தையும் எழுதியதால்தான் இது நடந்தது. எழுதுபவர் ஒருவராகவும் ஆக்குபவர் வேறொருவராகவும் இருந்திருந்தால், எழுதுபவர் அவலட்சணத்தை விளக்கிவிட்டுப் போயிருப்பார்.

கையேட்டுக்கு அங்கே இருந்த இடத்தைக் காட்ட இன்னொரு சான்றும் உண்டு. ஆய்வக யூனிக்ஸின் வளர்ச்சிநிலைகளுக்குக் கையேட்டின் பதிப்பெண்ணே பெயராயிற்று. 1975இல் பல பல்கலைக்கழகங்களுக்குப் பரவிய ‘ஆறாம் பதிப்பு’, 1979இல் வந்த ‘ஏழாம் பதிப்பு’ என்றெல்லாம் சொல்லும்போது எண்ணப்படுவது கையேட்டின் பதிப்பே. மென்பொருள் நாள்தோறும் மாறிக்கொண்டிருந்தது. நிலையாகச் சுட்டத்தக்கதாக இருந்தது அதைப் பற்றிய ஏடு ஒன்றே.

1973க்குள் ‘மேன்’ என்ற கட்டளையும் வந்துவிட்டது. அலமாரியில் இருந்த தாள்கட்டு கணினிக்குள்ளேயே குடியேறியது. இப்போது கையேட்டைத் திறப்பதும் ஒரு கட்டளை. அந்தக் கட்டளைக்கும் கையேட்டில் ஒரு பக்கம். 1979இன் ஏழாம் பதிப்பில் வடிவம் மேலும் இறுகியது. பக்கங்களை ஒரே அமைப்பில் எழுதுவதற்கான மேக்ரோத் தொகுதியை மக்கில்ராய் வகுத்தார். விளையாட்டுகளுக்கு ஆறாம் பகுதி ஒதுக்கப்பட்டது. அதைவிட முக்கியமானது, கையேடு இரு தொகுதிகளாகப் பிரிந்தது. முதல் தொகுதி தேடிப் பார்ப்பதற்கான பக்கங்கள். இரண்டாம் தொகுதி தொடக்கநிலையினருக்கான பாடங்களும் விரிவான கட்டுரைகளும். கற்பதற்கான எழுத்து வேறு, நினைவூட்டுவதற்கான எழுத்து வேறு என்ற தெளிவு அந்தப் பிரிவில் இருந்தது. ஆனால் பின்னாளில் கணினிகளோடு பரவலாகப் பயணம் செய்தது முதல் தொகுதியின் வடிவமே. பாடநூல் பின்தங்கிவிட, அகராதி மட்டும் பயனர் கையில் மிஞ்சியது.

அகராதிக்கு உள்ள குறை பழையது. சொல் தெரிந்தால் பொருள் காணலாம். பொருள் தெரிந்து சொல்லைத் தேடுபவருக்கு அது உதவாது. தமிழ் மரபு இவ்விரு வழிகளையும் அறியும். சேந்தன் திவாகரம் போன்ற நிகண்டுகள் தேவர், மக்கள், விலங்கு, மரம் எனப் பொருள்வகையால் சொற்களை அடுக்கின. 1594இல் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு சொற்களை எழுத்து வரிசையில் வைத்தது. பின்னது தேடுவதற்கு எளிது. முன்னது ஒரு துறையின் சொற்களை ஒருசேரக் காட்டுவது. யூனிக்ஸ் கையேடு எழுத்து வரிசையைத் தேர்ந்தது. கோப்பை நகலெடுக்க வேண்டும் என்று மட்டும் அறிந்த ஒருவர், அதற்குரிய கட்டளை ‘சிபி’ என்ற ஈரெழுத்து என்பதை அகர வரிசையில் எங்கே போய்க் கண்டுபிடிப்பார்?

இக்குறையை அவர்கள் உணராமல் இல்லை. சொல் மாற்றி அடுக்கிய அடைவு ஒன்றைக் கையேட்டில் சேர்த்தனர். ஒவ்வொரு பதிவின் ஒருவரி விளக்கத்தையும் எடுத்து, அதில் உள்ள முக்கியச் சொல் ஒவ்வொன்றும் வரிசைக்கு வருமாறு சுழற்றி, எல்லாவற்றையும் எழுத்து வரிசையில் அடுக்குவது அதன் முறை. ஐபிஎம் நிறுவனத்தில் ஹான்ஸ் பீட்டர் லூன் 1950களின் இறுதியில் பரவச்செய்த முறையை ஒட்டியது இது. அதனால் நகல் என்ற சொல்லைத் தேடினாலும், கோப்பு என்ற சொல்லைத் தேடினாலும் உரிய கட்டளைக்கு வந்து சேரலாம். பெர்க்கிலியில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1970களின் பிற்பகுதியில் உருவான ‘அப்ரபோ’ என்ற கட்டளை இதே வேலையைத் திரையில் செய்தது. இவ்விரண்டும் இயன்றதற்குக் காரணம், 1971 முதல் ஒவ்வொரு பக்கமும் பெயரையும் ஒருவரி விளக்கத்தையும் ஒரே இடத்தில், ஒரே வடிவில் வைத்திருந்தமையே. எழுதியவர்கள் கட்டுப்பாட்டோடு எழுதியதால், பின்வந்த நிரல்களால் அதைப் படிக்க முடிந்தது. எனினும் ஒருவரி விளக்கத்தில் எழுதியவர் பயன்படுத்திய சொல்லே தேடுபவரின் மனத்திலும் தோன்ற வேண்டும். அது எப்போதும் நேர்வதில்லை.

ஆய்வகத்துக்கு வெளியே யூனிக்ஸ் பரவியபோது இந்த இடைவெளி விரிந்தது. 1981இல் அறிதிறன் உளவியலாளர் டொனால்ட் நார்மன் ‘டேட்டாமேஷன்’ இதழில் யூனிக்ஸின் பயனர் இடைமுகத்தைக் கடுமையாகச் சாடினார். கட்டளைப் பெயர்கள் அவை செய்யும் வேலையைச் சுட்டுவதில்லை, ஒன்றுக்கொன்று ஒத்திசைவதுமில்லை என்பது அவர் குற்றச்சாட்டுகளுள் ஒன்று. ஒரே மாடியில் இருந்தோருக்கு ஐயம் வந்தால் அடுத்த அறையில் கேட்டுக்கொள்ள முடியும்; தொலைவில் இருந்தோருக்குப் பக்கம் மட்டுமே உண்டு. உடையவர் என்ற தலைப்பும் சில பதிப்புகளுக்குப் பின் கையேட்டிலிருந்து மறைந்துவிட்டது. கேட்பதற்கு ஆள் தேவைப்பட்ட காலத்தில் ஆளின் பெயர் பக்கத்தில் இல்லை.

அடுத்து வந்த பிளவு வணிகத்தின் விளைவு. ஏடி அண்ட் டி நிறுவனத்தின் சிஸ்டம் ஃபைவ், பெர்க்கிலியின் பிஎஸ்டி என்று யூனிக்ஸ் இரு கிளைகளாயிற்று. கோப்பு வடிவங்கள் பெர்க்கிலியில் ஐந்தாம் பகுதியில் நீடிக்க, சிஸ்டம் ஃபைவில் அவை நான்காம் பகுதிக்குப் போயின. சிறப்புக் கோப்புகள் ஏழாம் பகுதிக்குத் தள்ளப்பட்டன. அடைப்புக்குள் இருக்கும் எண் எல்லா ஊரிலும் ஒரே பொருளைத் தரும் என்ற உறுதி குலைந்தது. பெர்க்கிலிக்கு வேறொரு சிக்கலும் இருந்தது. நிரல்களைப் போலவே கையேட்டுப் பக்கங்களும் ஏடி அண்ட் டியின் உரிமைக்கு உட்பட்டவை. 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் சிந்தியா லிவிங்ஸ்டன் ‘எம்டாக்’ என்ற புதிய மேக்ரோத் தொகுதியை உருவாக்கினார். பெர்க்கிலியின் பக்கங்கள் அதில் மாற்றி எழுதப்பட்டன. முந்தைய மேக்ரோக்கள் ஒரு சொல் தடித்த எழுத்தா சாய்ந்த எழுத்தா என்பதைச் சொல்லின. எம்டாக்கோ அச்சொல் கட்டளையின் பெயரா, விருப்பத் தேர்வா, கோப்பின் பாதையா என்பதைச் சொல்லியது. தோற்றத்தைக் குறிப்பதிலிருந்து பொருளைக் குறிப்பதற்கு நகர்ந்த இம்மாற்றம், இன்றும் பிஎஸ்டி வழிவந்த அமைப்புகளின் கையேடுகள் நுட்பமாகத் தேடத்தக்கவையாக இருப்பதற்கு அடிப்படை. யூனிக்ஸ் வரலாறுகளில் கட்டளைகளை எழுதியவர்களின் பெயர்கள் நிறைந்திருக்க, பக்கங்களைப் புதுப்பித்த இவர் பெயர் மிக அரிதாகவே தென்படுகிறது.

ஏறத்தாழ அதே காலத்தில், குனு திட்டத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் பக்க வடிவத்தையே மறுத்தார். ஒரு நிரலுக்கு ஒரு பக்கம் என்பது கருத்துகளைத் துண்டாடிவிடுகிறது. வாசகர் புரிந்துகொள்ள வேண்டியது தனிக் கட்டளையை அன்று, அதன் பின்னுள்ள சிந்தனையை என்பது குனுவின் நிலைப்பாடு. கற்பிக்கவும் தேடிப் பார்க்கவும் ஒருசேரப் பயன்படும் முழு நூல்களை அது விரும்பியது. அதற்காக 1980களின் நடுவில் ‘டெக்ஸ்இன்ஃபோ’ உருவாயிற்று. அத்தியாயங்களும் கிளைகளும் இணைப்புகளும் கொண்ட அந்நூல்களை ‘இன்ஃபோ’ என்ற கட்டளையால் படிக்கலாம். இணையத்தின் வலைப்பின்னல் வருவதற்கு முன்பே இணைப்புகளால் நகர்ந்து படிக்கும் ஏற்பாடு அது. நோக்கம் நியாயமானது, நூல்களும் தரமானவை. ஆனால் அவற்றுள் நகர்வதற்கே தனியாகச் சில விசைகளைக் கற்க வேண்டியிருந்தது. அவசரத்தில் ஒரு விருப்பத் தேர்வை மட்டும் சரிபார்க்க வந்தவர் ஒரு நூலகத்தின் வாசலில் நின்றார். பெரும்பாலோர் பழைய பக்கத்துக்கே திரும்பினர்.

இந்த இழுபறியில் எதிர்பாராத இழப்பு ஒன்று நேர்ந்தது. குனுவின் அடிப்படைக் கட்டளைகளுக்கான பக்கங்கள், நிரல் தானே தரும் சுருக்க உதவியிலிருந்து ஒரு கருவியால் உருவாக்கப்படுகின்றன. முழு விளக்கத்துக்கு நூலைப் பார்க்கவும் என்று அவை முடிகின்றன. அவற்றில் ‘பிழைகள்’ என்ற தலைப்பு இருந்த இடத்தில் ‘பிழைகளைத் தெரிவிக்க’ என்ற தலைப்பும் ஒரு முகவரியும் இருக்கின்றன. பெயர்கள் ஏறத்தாழ ஒன்றே, பொருள் தலைகீழ். முன்பு ஆக்கியவர் தம் குறையை வாசகருக்குச் சொன்னார். இப்போது வாசகர் குறையைக் கண்டு ஆக்கியவருக்குச் சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்தும் மென்பொருளுக்கு முகவரி தேவைதான். ஆனால் அறிந்த குறையைப் பக்கத்திலேயே எழுதும் பழக்கம் அத்துடன் மெலிந்தது. எழுத வெட்கப்பட்டுத் திருத்தும் பழக்கமும் கூடவே மெலிந்தது.

லினக்ஸ் உலகம் பழைய வடிவத்தையே தாங்கிப் பிடித்தது. டெபியன் வழங்கலின் கொள்கை ஆவணம், ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு கையேட்டுப் பக்கம் வேண்டும் என்கிறது. பக்கம் இல்லாமையே ஒரு பிழையாகக் கருதப்படும். மூல ஆசிரியர்கள் எழுதாத பக்கங்களை டெபியன் தன்னார்வலர்கள் எழுதினர். லினக்ஸின் அமைப்பு அழைப்புகளுக்கும் அடிப்படை நூலகத்துக்கும் உரிய பக்கங்களைத் தொகுக்கும் திட்டத்தை 1990களின் தொடக்கத்தில் ரிக் ஃபெய்த் பேணத் தொடங்கினார். அவரைத் தொடர்ந்து ஆந்த்ரீஸ் பிரவுவர், 2004 முதல் மைக்கேல் கெர்ரிஸ்க், 2020 முதல் அலெஹாந்த்ரோ கொலோமார் என அப்பொறுப்பு கைமாறியது. இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கெர்னலை எழுதுவோர் வேறு. பக்கத்தை எழுதுவோர் வேறு. மர்ரே ஹில்லில் ஒரே கையில் இருந்த இரண்டும் இங்கே பிரிந்துவிட்டன. ஒரு புதிய அழைப்பு கெர்னலில் சேர்ந்தபின், அது உண்மையில் என்ன செய்கிறது என்பதைச் சோதித்தறிந்து எழுத வேண்டிய சுமை பக்கத்தைப் பேணுபவர்மேல் விழுகிறது. அப்படி எழுதும்போது கெர்ரிஸ்க் போன்றோர் கெர்னலின் வடிவமைப்புக் குறைகளையும் கண்டு சொன்னார்கள். எழுத்து பொருளைத் திருத்தும் என்ற பழைய விதி அங்கேயும் செயல்பட்டது. ஆனால் நிரல் வெளியான பிறகு கண்ட குறையைத் திருத்துவது எளிதன்று; அதை நம்பி வேறு நிரல்கள் எழுதப்பட்டுவிட்டிருக்கும்.

பொருளிலிருந்து கட்டளைக்குச் செல்லும் வழியைத் தேடிய முயற்சிகளும் நிற்கவில்லை. 2013இல் தொடங்கிய ‘டிஎல்டிஆர்’ பக்கங்கள் அவற்றுள் பெயர் பெற்றவை. கட்டளை ஒவ்வொன்றுக்கும் அதிகம் போனால் 8 எடுத்துக்காட்டுகள். ஒவ்வொன்றின் மேலும் இன்ன வேலைக்கு இது என்று ஒரு வரி. 1971ஆம் ஆண்டுக் கையேட்டின் தலைப்புகளில் எடுத்துக்காட்டு என்ற ஒன்றே இல்லை என்பதை நினைத்தால், இம்முயற்சி எந்த இடைவெளியை நிரப்புகிறது என்பது விளங்கும். தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் தன்னார்வலர்கள் இப்பக்கங்களை மொழிபெயர்க்கிறார்கள். கட்டளையின் பெயர் மாறாது. அது எதற்கு என்ற வரி மட்டும் வாசகரின் மொழியில் இருக்கும். ஆங்கிலத்தில் ஒருவரி விளக்கத்தைத் தேடத் தெரியாத மாணவருக்கு இந்த ஒரு வரியே வாசற்படி.

ஆயினும் எட்டு எடுத்துக்காட்டுகள் ஒரு கட்டளையின் முழு நடத்தையைச் சொல்லிவிடா. அவை நன்கு மிதித்த பாதைகள். பாதையை விட்டு விலகும்போது என்ன நேரும், எந்த நிலையில் கட்டளை தவறும், என்ன எண்ணைத் திருப்பித் தரும் என்பதற்கு முழுப் பக்கத்தையே நாட வேண்டும். அந்த எட்டு எடுத்துக்காட்டுகளை எழுதுபவரும் முழுப் பக்கத்தைப் படித்தே எழுத முடியும். எளிய வழிகள் அனைத்தும், யாரோ ஒருவர் கடினமான பக்கத்தைச் சரியாக வைத்திருக்கிறார் என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டவை.

அந்த நம்பிக்கை எவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகிறது என்பது 2024 செப்டம்பரில் தெரியவந்தது. லினக்ஸ் கையேட்டுப் பக்கங்களை நான்காண்டுகளாகத் தம் சொந்த நேரத்தில் பேணிவந்த கொலோமார், பொருளுதவி இல்லாமல் இனித் தொடர இயலாது என்று அறிவித்துப் பணியை நிறுத்தினார். உலகின் பெரும்பாலான வழங்கிக் கணினிகள் லினக்ஸில் இயங்குகின்றன. அவற்றை நிருவகிப்போரும் அவற்றுக்கு நிரல் எழுதுவோரும் நாள்தோறும் திறக்கும் பக்கங்களுக்கு ஊதியம் பெறும் ஒரு பொறுப்பாளர்கூட இல்லை என்பது பலருக்கு அப்போதுதான் உறைத்தது. பின்னர்ச் சில நிறுவனங்கள் சேர்ந்து அவருக்கு ஆதரவளிக்க முன்வந்ததால் பணி மீண்டும் தொடங்கியது.

அரை நூற்றாண்டில் கையேட்டின் ஒழுங்கைப் பற்றி எழுந்த விவாதங்கள் பெரும்பாலும் அடுக்கும் முறையைப் பற்றியவை: எழுத்து வரிசையா பொருள் வரிசையா, பக்கமா நூலா, விளக்கமா எடுத்துக்காட்டா. ஒவ்வொரு விவாதமும் பயன் தந்தது. தேடுவது முன்னைவிட எளிதாயிற்று. ஆனால் 1971இன் தாள்கட்டில் இருந்த இரு தலைப்புகளுக்கு ஈடான எதையும் பின்வந்தோர் அமைத்துவிடவில்லை. அறிந்த குறை இது என்று ஒன்று சொன்னது. இதற்குப் பதில் சொல்பவர் இவர் என்று மற்றொன்று சொன்னது. ஒரு கட்டளையின் பக்கத்தை நம்பிக் கோப்புகளை அழிப்பவருக்கு, அந்தப் பக்கம் எந்த வரிசையில் அடுக்கப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டிலும், அதைக் கடைசியாகத் தொட்டவர் யார், அவர் இன்னும் அங்கே இருக்கிறாரா என்பதே பெரிய கேள்வி.